ஹனிமூனுக்கு ஊட்டிதான் போகணுமா?

கல்யாணம் முடிஞ்சதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, "ஹனிமூன் எங்கே?" ஊட்டி, கொடைக்கானல், பாலி... பதில் ரெடி. ஆனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற ஒரு புது ஜோடியை யோசிச்சுப் பாருங்க. கல்யாண வேலைக்கே லீவு தீர்ந்துடும். ரெண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கிறது ஒரே ஒரு வீக் ஆஃப். அவங்களுக்கு ஹனிமூனே கிடையாதா?

உண்டு. ஒரு பைக், ஒரு நாள், நம்ம திருவள்ளூர் மாவட்டம் போதும். காலையில் பூண்டி. 1944-இல் கட்டி முடித்த, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. பக்கத்திலேயே அதிரம்பாக்கம், அங்கே கிடைத்த கல் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! அப்புறம் பெரியபாளையம், பொன்னேரி தாண்டினா பழவேற்காடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், குளிர்காலமானா ஏரியில் பூநாரைகள். படகுச் சவாரி மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க.

"இதெல்லாம் ஒரு ஹனிமூனா?"ன்னு சிரிக்காதீங்க. கடன் வாங்கி பாலி போயிட்டு, வருஷக்கணக்கில் இ.எம்.ஐ. கட்டுறதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம். கும்மிடிப்பூண்டியை நாம பார்த்ததெல்லாம் ஐ.வி. பஸ் ஜன்னல் வழியாத்தான். அடுத்த வருஷம் நம்மில் பலர் அதே ஷிஃப்டில் நிற்கப்போறோம். ஆஃபர் லெட்டர் வந்தா சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க, கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவுன்னும் கேளுங்க. ஒரு நாள் போதும்னு அந்த ஜோடி சொல்லலாம், கம்பெனி சொல்லக்கூடாது.