ஸ்லாட்டைப் பார்த்துட்டு எஸ்.எஸ்.டி வாங்குங்க!

கடலூர், சிதம்பரம் பக்கத்து வாசகர்களே... 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிறீர்களா? 'எஸ்.எஸ்.டி போட்டா பறக்கும்' என்று யாராவது சொன்னதும் எம்.2 வகையை ஆர்டர் செய்துவிடாதீர்கள். அந்த ஆரம்பகால லேப்டாப்புகளில் அதற்கு இடமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி-தான் சரி.

குழப்பமே புது டெஸ்க்டாப்பில்தான். எம்.2-விலேயே சாட்டா, என்.வி.எம்.இ என இரண்டு ரகம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாட்டா ரகம் என்.வி.எம்.இ ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால், மதர்போர்டு ஏற்காவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பிரித்த பாக்கெட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்குவாரா என்ன?

விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால், 'பேஸ்போர்டு புராடக்ட்' வரியில் மதர்போர்டு மாடல் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் மேனுவலை எடுத்து, எம்.2 பகுதியைப் படியுங்கள். 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் படுத்துவிடும். அதுவும் அங்கேயே பொடி எழுத்தில் இருக்கும்.

பழைய டிஸ்கில் இருக்கும் கல்யாண போட்டோக்களை காப்பி எடுத்த பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள்.