ரூபாய்க்குப் பத்துக் காசு

வீட்டு வரி ரசீதை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்? ஒரு கவிதையில் ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு வாரம் வாதாடக்கூடிய நாம், நம் பெயரில் அச்சாகி வரும் அந்தத் தாளைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறோம். அதில் ‘நூலக வரி’ என்று ஓர் இனம் உண்டு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அந்தப் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே எங்கள் கேள்வி.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. நூலகம் ஆண்டுதோறும் அமைச்சரின் வாசலில் கையேந்தி நிற்கக் கூடாது, ஊர் மக்களின் வரியிலேயே அது வாழ வேண்டும் என்பதே அதன் பொருள். உள்ளாட்சிகள் சொத்து வரியோடு இதையும் வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலிப்பவர் ஒருவர், உரியவர் வேறொருவர். சிக்கல் இங்கேதான் முளைக்கிறது.

பல மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வசூலித்த நூலக வரியைச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் அடிபடும் சங்கதி. இதைத் தனிமனிதர் சிலரின் களவு என்று சொல்லிக் கடந்துவிட நாங்கள் தயாராக இல்லை. இது ஓர் அமைப்பின் நோய்.

1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு மேடை போட்டுக் கொடுத்தன. பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் நூலகமும் ஒன்று. ஆனால் எந்த வரியை, எந்த அளவில் விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கும். விளைவு என்ன? சென்னையில் 1998க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008க்குப் பிறகும் சொத்து வரிச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018இல் உயர்த்தியதை 2019இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் மீண்டும் உயர்ந்தது. அதுவும் மத்திய நிதிக்குழு தன் மானியத்துக்கு நிபந்தனை விதித்த பிறகு. இடைப்பட்ட காலத்தில் சம்பளமும் மின்கட்டணமும் ஏறாமல் நின்றனவா? பெட்டி காலியாகும்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நூலகத்தின் பணம். கை நீளுகிறது.

வறுமை காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது. கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கொடுத்த காசில் வீட்டுக்கு விறகு வாங்குபவரை நாம் ஏழை என்று இரங்கலாம், தர்மகர்த்தா என்று கொண்டாட முடியாது.

“உள்ளாட்சியின் சுயாட்சியில் தலையிடலாமா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தன் வரியைத் தானே விதித்துத் தானே செலவிடுவது சுயாட்சி. பிறர் பணத்தை வைத்துக்கொள்வது சுயாட்சி அன்று. சுயாட்சிதான் வேண்டுமென்றால், 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் ஊரகத்தின் பெரும்பகுதியில் 2019 இறுதிவரையும், நகரங்களில் 2022 பிப்ரவரிவரையும் தேர்தலின்றித் தனி அலுவலர்கள் ஆண்டபோது அல்லவா அந்தக் குரல் உரத்து ஒலித்திருக்க வேண்டும்?

“இந்த வரியை ஒழித்துவிட்டு அரசே நூலகத்துக்கு நிதி தரட்டும்” என்பது இன்னொரு வாதம். கேட்க இனிமையானது, ஆபத்தானது. அரசு பெரிய நூலகங்களைக் கட்டும். 2010இல் கோட்டூர்புரத்திலும் 2023இல் மதுரையிலும் கட்டியது. அவற்றை வரவேற்கிறோம். ஆனால் ஒழுகும் கூரையின் கீழ் இயங்கும் கிளை நூலகத்தைத் திறப்பு விழா காப்பாற்றாது. தனக்கென்று ஒதுக்கப்பட்ட காசுதான் காப்பாற்றும். நூலக ஆணைக்கு நூல்களை அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் சிறு பதிப்பாளரைக் கேளுங்கள், இந்தப் பத்துக் காசின் எடை தெரியும். அடுத்த கவிதைத் தொகுப்பு அச்சேறுவதும் ஏறாததும் அதில் தொங்குகிறது.

கேரளத்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலகங்களே தங்கள் பிரதிநிதிகளைத் தாலுகா, மாவட்டம், மாநிலம் எனத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கும் கட்டட வரியோடு நூலக வரி உண்டு. அந்தப் பணத்தைக் கேட்க அங்கே ஒரு குரல் இருக்கிறது. இங்கே வாசகன் வரி மட்டும் கட்டுகிறான்.

நாங்கள் கேட்பவை மூன்று. ஒன்று: வரி இணையவழியில் கட்டப்படும் காலம் இது. பணம் செலுத்திய அந்த நொடியிலேயே நூலக வரி தனியே பிரிந்து ஆணைக்குழுவின் கணக்கில் சேர வேண்டும். உள்ளாட்சியின் கை அதில் படவே கூடாது. இரண்டு: எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு வந்தது என்பதை ஒவ்வொரு கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். மூன்று: சொத்து வரியைக் குறித்த காலத்தில் சீராய்வு செய்யும் பொறுப்பைத் தேர்தல் கணக்குகளிலிருந்து விடுவிக்க வேண்டும். ஏழ்மையில் வைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது போலித்தனம்.

அதுவரை நம்மால் ஆவது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவரவர் உள்ளாட்சிக்கு ஒரு மனு. கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு? இரண்டே கேள்விகள். வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். முதலில் அந்த ரசீதை வாசிப்போம்.