சோலை வரியும் லயத்துச் சாக்கடையும்

பொகவந்தலாவை நகரத்தில் கடையோ வீடோ சொந்தமாக உடையவர்களிடம் சோலை வரியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்களுள் பெரும்பாலோர் தயக்கமின்றிச் சொல்லும் அபிப்பிராயம் ஒன்றுண்டு: பிரதேச சபை எங்களுக்கு எவ்வளவு செய்கிறதோ அவ்வளவுக்குத்தான் எங்களிடம் வரி வாங்க வேண்டும். இந்த வாக்கியத்துக்கு ஒரு மறுபாதியும் உண்டு. அதைச் சிலர் உரக்கச் சொல்வார்கள், சிலர் மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். சபைக்கு ஒரு சதமும் செலுத்தாத தோட்டத்து ஜனங்களுக்குச் சபை எதற்காகத் தெருப்போட வேண்டும், விளக்கேற்ற வேண்டும், குப்பை அள்ள வேண்டும் என்பதே அம்மறுபாதி. முதற்பாதியைக் கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் மறுபாதி அதனின்றும் பிரிக்க முடியாதபடி பிறப்பது. ஒன்றை ஒப்புக்கொண்டவர் மற்றதை மறுக்க வழியில்லை. இவ்விரண்டும் பிழை என்பதோடு, மலையகத்தின் இந்தப் பள்ளத்தாக்கில் இவை சட்டமாகவே முப்பதாண்டுகள் ஆட்சி செய்து பெரும் அநீதியை விளைத்தன என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சோலை வரி எதன்மீது விதிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கட்டடம் வருஷமொன்றுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அந்த வருடாந்தப் பெறுமதியில் ஒரு வீதத்தைச் சபை அறவிடுகிறது. வீட்டு வாசலில் எத்தனை விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, குப்பை வண்டி வாரத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து விதிக்கும் வரியன்று இது. வருஷத்து வரி முழுவதையும் ஜனவரி முடிவதற்குள் கட்டுபவருக்குப் பத்து வீதக் கழிவு உண்டே தவிர, தம் தெருவில் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதற்காக எவருக்கும் கழிவு கிடையாது. வரி வேறு, கட்டணம் வேறு என்ற இந்தப் பேதத்தைச் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தைப் பற்றி எழுந்த சிரூர் மடத்து வழக்கில் 1954ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது: குறித்த ஒரு சேவைக்குக் கைம்மாறாகக் கொடுப்பது கட்டணம், பொதுக் காரியங்களுக்காக, பிரதியாக இன்னது கிடைக்கும் என்ற நிபந்தனையின்றிக் கொடுப்பது வரி. குழாய்த் தண்ணீருக்கு அளவுமானி வைத்துப் பணம் வாங்குவதிலும், சந்தைக் கடைக்கு வாடகை வாங்குவதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. அவை கட்டணங்கள். சோலை வரியை அந்த வரிசையில் உட்கார வைப்பதைத்தான் கண்டிக்கிறேன்.

இனி, அந்த நம்பிக்கை மலையகத்தில் செய்த வேலையைப் பார்க்கலாம். கிராமச் சபைச் சட்டம் 1930களின் பிற்பகுதியில் திருத்தப்பட்டபோதே, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளி அந்தச் சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமையினின்று விலக்கப்பட்டான். அவன் தோட்டத்துக்கு உரியவன், கிராமத்துக்கு உரியவனல்லன் என்பது அன்றைய நியாயம். பின்னர் 1948இல் அவனுடைய பிரஜாவுரிமையே போயிற்று. அது திரும்பி வருவதற்குள் இந்தியாவோடு செய்த சாஸ்திரி ஒப்பந்தமும் அதன் பின்வந்தவையுமாகப் பல தசாப்தங்கள் கழிந்தன, அங்கே கப்பலேறிப் போனவர்களும் பல்லாயிரவர். இறுதியில் பிரஜையாகி, பிரதேச சபைத் தேர்தலில் வாக்கும் போட்டான். தன் ஆளைத் தெரிந்தெடுத்தும் அனுப்பினான். அப்படிப் போன உறுப்பினர் சபையில் அமர்ந்து செய்யக்கூடியது என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்டக் குடியிருப்புக்குள் செல்வதற்குத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் நிர்வாகத்தில் உள்ள நிலம், அங்குள்ள பாதையும் பீலியும் சாக்கடையும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பது அதன் உட்கிடை. வாக்கு வாங்கப் போகும்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்வரை போன அரசியல், அந்த லயத்துச் சாக்கடைக்கு ஒரு மூட்டை சீமெந்து கொடுக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்று கையை விரித்தது. இந்த விநோதம் 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு அம்பகமுவ என்ற ஒரே பிரதேச சபை இருந்த நிலை மாறி, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் பிரிந்து, பொகவந்தலாவை நோர்வூட் சபையின் கீழ் வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். வரி செலுத்துவோருக்கே சேவை என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள், ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட அந்தத் தடையை வாய்மொழியாக மீண்டும் எழுதுகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

தோட்டத்தான் வரி கட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஏன் கட்டுவதில்லை? வரி விதிப்பதற்கு அவனுக்கு ஆதனம் இருந்தால்தானே! அவன் பிறந்த காம்பரா அவனுடையதன்று. அவன் பாட்டனும் பாட்டியும் மண்ணாகிப் போன மலையும் அவனுடையதன்று. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கைமாற்றங்களில் எதிலும் லயத்துக்கு உறுதி எழுதப்படவில்லை. சட்டம் சோலை வரியைக் கட்டட நெருக்கமுள்ள பகுதிகளென்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே விதிக்க இடங்கொடுக்கிறது; அவற்றுக்கு வெளியே பயிர்ச்செய்கை நிலத்துக்கு உரியது ஏக்கர் வரி. அதுவோ நிலத்தின் பெறுமதியைக் கண்ணெடுத்தும் பாராமல் பரப்பளவை மட்டும் பார்ப்பது. உலகச் சந்தைக்குத் தேயிலை அனுப்பும் மலைக்கும், விளைச்சல் குன்றிய மேட்டுக்கும் அதன் கண்ணில் பேதமில்லை. ஆகவே, வரி குறைவு என்று குறைகூற விரும்புவோர் லயத்தை நோக்கி விரல் நீட்டுவதை விடுத்து, ஏக்கர் வரியின் இந்த அமைப்பை நோக்கி நீட்டுவதே நேர்மை. தோட்டத்தில் வீடும் சுகாதாரமும் நாங்களே பார்க்கிறோம் என்று நிர்வாகங்கள் பதில் சொல்லலாம். பிள்ளைக்காம்பராவையும் மருந்து கொடுக்கும் இடத்தையும் நான் மறுக்கவில்லை. துரை மனம் வைத்தால் கிடைப்பதும், உரிமையாகக் கேட்டுப் பெறுவதும் ஒன்றல்ல.

இன்னும் ஒன்று. நகரத்துக் கடையின் வருடாந்தப் பெறுமதி எங்கிருந்து உண்டாயிற்று? பொகவந்தலாவை பெரு வழியில் கிடக்கும் ஊரன்று. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கின் உட்பகுதியில் இருப்பது. சம்பள நாளில் கெர்க்கஸ்வால்ட், கொட்டியாகலை முதலிய தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் ஜனங்கள் மாவும் அரிசியும் புடவையும் வாங்காவிட்டால், நகைக்கடையில் சங்கிலியை அடகு வைக்காவிட்டால், அந்தக் கடைக்கு யார் அந்த வாடகை கொடுப்பார்கள்? கொழுந்து பறித்தவளின் கூலிதான் கடையின் வருமானமாகி, வருமானம் வாடகையாகி, வாடகை பெறுமதியாகி, பெறுமதி வரியாகிறது. பற்றுச்சீட்டில் பெயர் கடைக்காரருடையது. பணத்தில் பெரும் பங்கு லயத்திலிருந்து வந்தது. இதே கணக்கை இன்னும் தூரம் கொண்டுபோகலாம்: இங்கே பெருகும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி மின்சாரமாகிறது; பின்னர் களனி கங்கையாகிக் கொழும்பின் தாகத்தைத் தீர்க்கிறது. பெற்ற சேவைக்கு ஏற்பவே கொடுப்பது என்ற தத்துவத்தை மெய்யாகவே கடைப்பிடிப்பதானால், கொழும்பு நகரத்துக்கு இந்த மலை அனுப்ப வேண்டிய பட்டியல் சிறிதாக இராது.

நமக்குச் சோலை வரியைப் பழக்கிய இங்கிலாந்தே இந்தத் தத்துவத்தை ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. ஆதன வரியை நீக்கிவிட்டு, உள்ளூராட்சிச் சேவையை எல்லோரும் அனுபவிப்பதால் வயதுவந்த ஒவ்வொருவரும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைக் கட்டட்டும் என்று தாட்சர் அம்மையாரின் அரசு 1989இல் ஸ்கொத்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் ஒரு வரியைக் கொண்டுவந்தது. மாளிகைவாசிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை. இலண்டனில் கலகம் மூண்டது. அம்மையார் பதவி இழந்ததற்கும் அது ஒரு காரணமாயிற்று. 1993இல் வரி மறுபடியும் வீட்டின் பெறுமதியை நோக்கித் திரும்பிற்று.

வரி கட்டுகிறோம், ஆனால் தெருவைப் பாருங்கள் என்ற நகரத்தாரின் முறைப்பாடு பொய்யன்று. சபையின் வருமானத்தில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகிறது, எவ்வளவு வேலைக்குப் போகிறது என்று கேட்பது அவர்களுடைய உரிமை, கேட்காமலிருப்பதே பிழை. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்க வேண்டியது சபையின் வரவுசெலவுத் திட்டத்தின் மேசையில். கொழுந்துக் கூடையோடு போகிறவளிடம் அன்று. சேவை குறைவான இடத்தில் வரியைக் குறைத்துக்கொண்டே போனால், வரி குறைந்த காரணத்தால் சேவை மேலும் குறையும். அந்தக் கணக்கின்படி, ஒருபோதும் ஒன்றும் பெறாத லயம் ஒருபோதும் ஒன்றும் பெறவே கூடாது.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கனவே நடந்துகொண்டிருந்த வீட்டுத் திட்டத்தோடு மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியும் அதற்கு ஓர் உறுதியும் என்பது அப்போது தோட்டத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அந்த உறுதி கைக்கு வரும் நாளில் தொழிலாளி ஆதனத்துக்கு உரியவனாவான்; அவன் வீட்டுக்கும் ஒருநாள் மதிப்பீட்டாளர் வருவார். சிறிய வீட்டுக்குச் சிறிய வரியை அவன் கட்டத்தான் வேண்டும், கட்டவும் செய்வான். அதற்கு முன் சபை செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது: தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் அவற்றின் பெறுமதிக்கு ஏற்ற வரியை விதிக்கச் சட்டத்தில் வழி தேடுவது. அது செய்யப்படாமல், மதிப்பீட்டாளர் முதலில் ஏழு பேர்ச்சின் வாசலில் போய் நின்றாரானால், அந்த வரியை எதிர்த்து எழுதுபவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.