கடற்சாமந்தியும் கண்ணாடித் தொட்டியும்

அழகிய பொருளொன்றைக் கண்டவுடன் அதனைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்க்க விழைவது மக்களியல்பு. அப்பொருள் பட்டாகவோ பாத்திரமாகவோ இருப்பின், விலையைக் கொடுத்தவுடன் காரியம் முடிந்தது. உயிருள்ளதாயின், விலை கொடுத்த பின்னரே கடமை தொடங்குகிறது. வீட்டிற் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளமும் மீனும் வளர்க்கும் விருப்பம், அலையோசை எட்டாத உள்நாட்டூர்களிலும் இக்காலத்திற் புகுந்துள்ளது. அத்தொட்டிக்கு முதற் கடற்சாமந்தியைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பது குறித்து நாம் சில சொல்ல விழைகின்றோம்.

கடற்சாமந்தி பெயரளவில் மலர். உண்மையிற் பவளத்திற்கு உறவான பிராணி. அடித்தட்டினாற் பாறையைப் பற்றிக்கொண்டு, வாயைச் சூழ்ந்த உணர்நீட்சிகளிலுள்ள கொட்டும் செல்களால் இரையைப் பிடித்துண்ணும். வெப்பக் கடல்களில் மீன்களுக்கு இடந்தரும் சாமந்திகளின் உடலில் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியின் துணையால் உணவாக்கி, அதிற் பங்களிக்கின்றன. ஆதலின் ஒளி குன்றினால் அப்பிராணி மெலிந்து வெளுத்துப் போகும்.

இதன் ஆயுளை எண்ணிப் பார்ப்பாரோ சிலரே. ஸ்காட்லாந்து தேசத்துச் சர் ஜான் டேலியெல் என்பார் 1828-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியைக் கொணர்ந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அவர் 1851-இற் காலமானார். சாமந்தியோ பிறர் கைகளில் மாறி மாறி வளர்ந்து 1887 வரை உயிரோடிருந்தது. வளர்த்தவருக்குப் பின்னும் முப்பத்தாறு ஆண்டு வாழ்ந்த அப்பிராணியை விளையாட்டுப் பொருளென்று எவர் கூறுவர்?

இனி, எதனைத் தெரிவது? மன்னார் வளைகுடாவிற் காணப்படும் கம்பளச் சாமந்தி கண்ணைக் கவர்வதே. ஆயினும் அது அரை மீட்டர் அகலத்திற்கு மேலும் விரியக்கூடியது. தொட்டியிலுள்ள மீன்களையே விழுங்கிவிடும். தொடக்கத்தார்க்கு ஏற்றது, நுனி குமிழ்போற் புடைத்திருக்கும் குமிழ்நுனிச் சாமந்தியே. அது தானே இரண்டாகப் பிளந்து பெருகும் இயல்பினது. ஆதலின் ஒருவர் தொட்டியிற் பிளந்த துண்டை மற்றொருவர் பெறலாம். கடலிலிருந்து ஒன்றையும் பறிக்க வேண்டுவதில்லை. வாங்குமுன் அடித்தட்டிற் கிழிசல் உண்டோ, வாய் பிளந்து தொங்குகிறதோ என்று நோக்குக. பால்போல் வெளுத்ததையும் சாயமேற்றியதையும் விலக்குக.

நீரைப் பற்றித் திருப்பூர் வட்டாரத்தார்க்குப் பிறர் உரைக்க வேண்டுவதில்லை. சாயப்பட்டறைகளின் உப்புநீரால் நொய்யல் ஆறு கெட்டதையும், 2011-ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அவர்கள் நன்கறிவர். சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ள முதலிபாளையத்து மாணவனும், நீரினின்று உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடுபரவல் முறையைக் கேள்வியுற்றிருப்பான். தொட்டி வளர்ப்போன் செய்வது அதன் மறுதலை: அங்ஙனம் தூய்மை செய்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவை சேர்த்தல். சமையலுப்பு இதற்கு உதவாது. சுண்ணமும் மக்னீசியமும் பிறவும் வேண்டும். செம்பு சிறிதளவு கலப்பினும் சாமந்திக்கு நஞ்சாகும். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெற்று நீர் ஒருதன்மைப்பட ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை பொறுத்தல் நன்று. ஆழமறியாமற் காலை விடலாகாது என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். அவசரப்பட்டு வைத்த சாமந்தி இடந்தேடி ஊர்ந்து நீரோட்டப் பொறியிற் சிக்கிச் சிதைவதுண்டு; சிதைந்தால் தொட்டி முழுதும் கெடும்.

கோமாளி மீனுக்குச் சாமந்தி இன்றியமையாததன்றோ என்பர் சிலர். கடலில் அது மெய். பகையற்ற தொட்டியில் அம்மீன் தனித்தும் நலமே வாழும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே பெருக்கியுமுள்ளனர்.

கடல் பெரிது, ஒன்றை எடுப்பதாற் குறைவென்ன என்று வினவுவாரும் உளர். இங்கிலாந்தில் 1854-ஆம் ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் மீன்காட்சித் தொட்டியைப் பற்றி நூல் வெளியிட்டார். மக்கள் திரள் திரளாகக் கடற்கரைக்குச் சென்று சேகரித்தனர். பாறைக்குழிகள் வெறுமையானதை அவர் மைந்தரே 1907-இல் வெளிவந்த தம் நூலில் வருந்தி எழுதினார். எடுத்தவர் ஒவ்வொருவரும் எடுத்தது ஒன்றிரண்டே. நம் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அச்சாமந்தி தன்னைப் பற்றி வாழும் மீன்களுக்கு வீடாதலின், அதனைப் பறிப்பது ஒரு குடும்பத்தின் கூரையைப் பிரிப்பதே ஆகும்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! தொட்டி வைப்பதை நாம் தடுக்கவில்லை. அஃது உயிர்நூற் கல்விக்கு நல்லாசிரியன். ஆயின் விற்பவரை நோக்கி விலை எவ்வளவு என்று கேட்குமுன், இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தொட்டியிற் பிறந்ததென்று தெளிவான விடை வந்தாற் கொள்ளுங்கள்; வாராதாயின் வெறுங்கையோடு திரும்புங்கள். ஓராறு கெட்டதன் துன்பத்தைக் கண்கூடாகக் கண்ட நாட்டார்க்கு, கடலைக் கெடாது காக்கும் பொறுப்பு மற்றவரினும் மிகுதி என்பதே நம் துணிபு.