முழங்கால் காயமும் கால்மணி நேரப் பயிற்சியும்

2022 நவம்பருக்கும் 2023 மே மாதத்துக்கும் இடையில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழக மகளிர் உதைபந்தாட்ட அணியின் நான்கு வீராங்கனைகள், ஒருவர் பின் ஒருவராக, முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்து மைதானத்தை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெத் மீட், லீயா வில்லியம்சன், விவியன் மீடெமா ஆகிய மூவரும் 2023 உலகக் கிண்ணப் போட்டியில் ஆடும் வாய்ப்பை இழந்தனர். வைத்திய வசதிகளுக்குக் குறைவில்லாத கழகமொன்றிலேயே இந்நிலை என்றால், பாடசாலை மைதானங்களில் ஓடும் நமது பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களிலும் பார்க்க இக்காயம் பெண்களுக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஏற்படுகின்றது. பெரும்பாலும் எவரும் மோதியதனால் வருவதன்று. ஓடியவர் சடுதியாகத் திரும்பும்போது, பாய்ந்தவர் காலை நிலத்தில் ஊன்றும்போது முழங்கால் உள்நோக்கிச் சரிய, நார் அறுகின்றது. இடுப்பெலும்பின் அமைப்பு, ஓமோன்கள் என்று காரணம் கூறுவோர் உளர். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பெண்ணின் உடலே இப்படித்தான் என்று கைவிரித்துவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி என்றே நாம் கருதுகிறோம்.

சுவீடனில் 12 முதல் 17 வயது வரையான 4,500 க்கும் மேற்பட்ட உதைபந்தாட்டச் சிறுமியரிடையே மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2012 இல் வெளியானது. வாரம் இரு தடவை, 15 நிமிடங்கள். ஒற்றைக்காலில் முழங்காலை மடித்து எழுதல், முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்திருத்தல், பாய்ந்து மென்மையாகக் கால் ஊன்றுதல் முதலிய ஆறு பயிற்சிகள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நடத்தியவர்களும் அவ்வணிகளின் பயிற்றுநர்களே. முன்குறுக்குத் தசைநார்க் காயங்கள் 64 வீதத்தால் குறைந்தன. ஒழுங்காகச் செய்தவர்களிடையே பலன் இன்னும் கூடியிருந்தது.

நமது பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் விரும்பி ஆடுவது வலைப்பந்தாட்டம். தர்ஜினி சிவலிங்கம் இடம்பெற்ற இலங்கை அணி 2018 இலும் 2022 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றதும் இவ்விளையாட்டிலேதான். இதில் பந்தைப் பிடித்தவர் பாய்ந்த வேகத்திலேயே நின்றுவிட வேண்டும். முழங்காலுக்கு அது கடுஞ்சோதனை. மகளை மைதானத்துக்கு அனுப்பவே தயங்கும் வீடுகள் நம்மிடையே பல. சத்திரசிகிச்சை, ஒன்பது மாத ஓய்வு என்ற பேச்சு எழுந்தால் அப்பிள்ளையின் விளையாட்டு அன்றோடு முடிந்துவிடும். தங்கையினது தொடங்கவே மாட்டாது.

கல்வி அமைச்சின் புதிய சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வலயமட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு நடத்தி இதனை ஆரம்பிக்கலாம். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவசர அவசரமாக அணி திரட்டும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். இப்பயிற்சி பலன் தருவதற்குப் பல வாரங்கள் செல்லும்.