அந்த ரீடிங்கை யார் எடுத்தது?

முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? இருட்டு ரூம், மெர்குரி லேம்ப், கிரேட்டிங், ஸ்பெக்ட்ரோமீட்டர். பச்சைக் கோடு 5461 ஆங்ஸ்ட்ராம் வரணும். வரலைன்னா சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'வர வெச்சிடுவோம்'. நானும் வர வெச்சவன்தான்.

அதே மாதிரி கோடுகளை வெச்சு ஒரு கதை சொல்றேன். நட்சத்திர ஒளியைப் பிரித்தால், இரும்பு, கால்சியம், துத்தநாகம் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடத்தில் கருப்புக் கோடுகள் விழும். கோட்டின் வலிமையை அளந்து, நட்சத்திரத்தின் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்தால், எது எவ்வளவு இருக்குன்னு சொல்லிடலாம்.

ஆர்.வி. டாரி வகை நட்சத்திரங்கள் வயசானவை. விரிந்து சுருங்கிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை ரொம்ப மங்கும், அடுத்த தடவை கொஞ்சமா மங்கும். இவற்றில் பலவற்றில் இரும்பு குறைவு. இரும்பு குறைவுன்னா, விண்மீன் மண்டலத்தில் உலோகமே அதிகம் இல்லாத பழைய காலத்தில் பிறந்தது என்பதுதான் வழக்கமான முடிவு.

பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சுனேத்ரா கிரிதர், காமேஸ்வர ராவ், டெக்சாஸின் டேவிட் லாம்பர்ட் மூவரும் 1994இல் ஐ.டபிள்யூ. கரீனே என்ற நட்சத்திரத்தின் கணக்கை வெளியிட்டாங்க. (நம்ம ஊர்லேர்ந்து திருவண்ணாமலை தாண்டிப் போனா ஜவ்வாது மலையில காவலூர் தொலைநோக்கி இருக்கே, அதை நடத்துறதும் இந்த நிறுவனம்தான்.) இரும்பு சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனா துத்தநாகமும் கந்தகமும் குறையவே இல்லை. பிறவியிலேயே உலோகம் குறைவுன்னா எல்லாமே சேர்ந்து குறைஞ்சிருக்கணுமே?

விடை, நம்ம வீட்டு ஃபில்டர் காபி. இரும்பு, கால்சியம் எல்லாம் அதிகச் சூட்டிலேயே தூசியா உறைஞ்சிடும். துத்தநாகமும் கந்தகமும் லேசில் உறையாது. நட்சத்திரம் வெளியேத்தின பொருளில் தூசி வெளியே தங்கிட, வாயு மட்டும் திரும்ப மேலே விழுந்திருக்கு. தூள் மேலே, டிகாஷன் கீழே.

'துத்தநாகம் உதைக்குது, இரும்போட ஒத்துப்போற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிடலாம்'னு ஒருத்தர் நினைச்சிருந்தா? நட்சத்திரம் 'பழசு' லிஸ்ட்ல போயிருக்கும், அவ்வளவுதான்.

இதே பாண்டிச்சேரியில் 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜென்டில் காத்திருந்தார். பிரான்ஸை விட்டுக் கிளம்பி ஒன்பது வருஷம். அன்னைக்குக் காலையில மேகம் மூடிருச்சு. ஒரு நேரத்தை எழுதிவெச்சிருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. மேகம்னுதான் எழுதினார். பாவம் மனுஷன், ஊருக்குத் திரும்பினா செத்துட்டார்னு சொத்தைப் பிரிக்க ஆரம்பிச்சிருந்தாங்க!

தப்பு நம்ம மேல மட்டும் இல்லை. 5461 வந்தா முழு மார்க், 5300 வந்தா 'ரிப்பீட்'. அப்புறம் யார் உண்மையை எழுதுவா? 5300 எழுதி, ஸ்லிட் அகலமா இருந்துச்சா, கிரேட்டிங் நேரா நிக்கலையான்னு அரைப் பக்கம் யோசிச்சு எழுதறவனுக்கு மார்க் கொடுங்க. ரெக்கார்டு நோட்டில் அதுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்குங்க. வர்ற செமஸ்டர்ல ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்காவது, அந்தப் பச்சைக் கோட்டுக்கே, இதைச் செஞ்சு பார்க்கலாமே.