டெக் பக்கம்: குக்கியில் மறந்துபோகும் இரண்டு வரிகள்!

2010 அக்டோபர். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில், எரிக் பட்லர் என்ற புரோகிராமர் 'ஃபயர்ஷீப்' என்ற குட்டி மென்பொருளை வெளியிட்டார். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் அதைச் சேர்த்துக்கொண்டு, பாஸ்வேர்டு இல்லாத காபி ஷாப் வைஃபையில் உட்கார்ந்தால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக் பார்ப்பவர்களின் பெயரும் போட்டோவும் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை க்ளிக் செய்தால் நேராக அவர் கணக்குக்குள் போய்விடலாம். பாஸ்வேர்டு? தேவையே இல்லை!

திருடுபோனது குக்கி. இணையதளங்களுக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு க்ளிக்கிலும் 'யார் நீங்கள்?' என்று கேட்கும் ரகம். அதைச் சரிசெய்ய 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி கொண்டுவந்த சின்னச் சீட்டுதான் குக்கி. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, செருப்பு அவருக்கு. முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்த டோக்கனைப் பத்திரமாகக் கொடுப்பது தளத்தை எழுதும் புரோகிராமரின் பொறுப்பு. ஜாவாவில் 'ஸ்ப்ரிங்' போன்ற ஃப்ரேம்வொர்க்குகளுக்கு அடியில் வழக்கமாக இருப்பது 'சர்வ்லெட்'. அதில் குக்கியின் பெயர், மதிப்பு, எத்தனை வினாடி உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதி, பதிலோடு சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது.

முடிந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். 'செக்யூர்', 'ஹெச்டிடிபி ஒன்லி' என்று இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. பூட்டுப் போட்ட ஹெச்டிடிபிஎஸ் பாதையில் மட்டுமே குக்கி போக வேண்டும் என்பது முதலாவது. பக்கத்துக்குள் எப்படியோ புகுந்துவிட்ட ஸ்க்ரிப்ட் எதுவும் குக்கியைப் படிக்கக் கூடாது என்பது இரண்டாவது. சர்வ்லெட்டில் புதிதாக உருவாக்கும் குக்கிக்கு இரண்டுமே 'இல்லை' என்றுதான் இருக்கும். எழுத மறந்தாலும் எரர் வராது, தளம் ஜோராக ஓடும். அதனால்தான் மறந்துபோகிறது.

ஃபயர்ஷீப் வந்தபோது பல பெரிய தளங்கள் லாகின் பக்கத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, பிறகு குக்கியைத் திறந்த பாதையில் அனுப்பிக்கொண்டிருந்தன. அடுத்த ஜனவரியில் ஃபேஸ்புக் முழுநேர ஹெச்டிடிபிஎஸ் வசதியைக் கொடுத்தது. அதுவும் விரும்புபவர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் அதுவே இயல்பாக மாற 2013 ஆனது.

லாக்-அவுட்டிலும் ஒரு கண்ணி உண்டு. குக்கியை அழிக்க, அதே பெயரில் ஆயுள் பூஜ்யம் என்று இன்னொரு குக்கியை அனுப்ப வேண்டும். 'பாத்' என்ற இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய குக்கி அப்படியே கிடக்கும். பிரவுசரில் அழித்தது போதாதென்று, சர்வரிலும் அந்த டோக்கனை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே அதைக் காப்பி எடுத்தவர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.